மெடிக்கல் ஷாப்பில் எக்ஸ்பயரி சரக்கை என்ன செய்வது?

போன வருடம் ஒரு அம்மா தைராய்டு மாத்திரை பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். "தம்பி, தேதி முடிஞ்சிடுச்சே, இன்னும் பாதி அப்படியே இருக்கே" என்றார். பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். நான் விற்ற அன்று தேதி முடியவில்லை, ஒன்றரை மாதம் பாக்கி இருந்தது. சட்டப்படி என் மேல் தப்பு இல்லை. ஆனால் நூறு மாத்திரை உள்ள பாட்டில், தினம் காலையில் ஒன்று, மூன்று மாதத்துக்கு மேல் ஓடும் என்று இருபது வருடமாகக் கவுன்டரில் நிற்பவனுக்குத் தெரியாதா என்ன? அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாகப் போனது.

பெரம்பூர் பக்கம் சின்னக் கடை நம்முடையது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன். கடை வைத்திருப்பவர்களுக்குப் பாதி தெரிந்ததாகவே இருக்கும், மீதிப் பாதிக்காகப் படியுங்கள்.

முதலில் தேதியைப் படிப்பது. அட்டையில் 08/2026 என்று இருந்தால் ஆகஸ்ட் 31 வரை செல்லும், ஆகஸ்ட் 1 அன்றே செத்துப் போவதில்லை. மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்பதுதான் நம் விதிகளில் உள்ள அர்த்தம். தயாரித்த தேதியை எக்ஸ்பயரி என்று படித்துவிட்டு நல்ல சரக்கை ஒதுக்கி வைத்த பையனும் என் கடையில் இருந்திருக்கிறான், தலைகீழாகச் செய்தவனும் இருந்திருக்கிறான். இரண்டாவது ஆள்தான் ஆபத்து. ஸ்ட்ரிப்பில் அழுத்தி அச்சடித்த எழுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், அதனால் கவுன்டரில் ஒரு நல்ல லைட் போடுங்கள், செலவு பார்க்காதீர்கள்.

அட்டையில் இல்லாத தேதியும் ஒன்று உண்டு, திறந்த பிறகு ஓட ஆரம்பிக்கும் கணக்கு. கண் சொட்டு மருந்து திறந்தால் பொதுவாக ஒரு மாதம். இன்சுலின் பெரும்பாலானவை திறந்து 28 நாள். குழந்தைகளுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக் டிரை சிரப்பில் தண்ணீர் கலந்துவிட்டால் பலவற்றுக்கு ஏழே நாள்தான், அதுவும் ஃப்ரிட்ஜில் வைத்தால். பாட்டில் மேல் 2027 என்று போட்டிருக்கிறதே என்று மீதியை வைத்திருந்து அடுத்த காய்ச்சலுக்கு ஊற்றிக் கொடுக்கிற வீடுகள் நிறைய. விற்கும்போதே திறந்த தேதி எழுத ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள், அதற்கு ஆகும் நேரம் பத்து நொடி.

அப்புறம் நம்ம ஊர் வெயில். அட்டையில் போட்ட தேதி, அட்டையில் போட்ட சூட்டில் வைத்திருந்தால் மட்டும்தான் செல்லும். முப்பது டிகிரிக்குக் கீழே வை என்று எழுதியிருக்கும் மருந்தை அக்னி நட்சத்திரத்தில், மேற்குப் பார்த்த ஷட்டருக்குப் பக்கத்து ராக்கில் வைத்துவிட்டு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. தேதி தாண்டிய சரக்கை விற்கக் கூடாது என்று சொல்லும் அதே விதி, லேபிளில் உள்ள குறிப்பை மீறி வைத்ததையும் விற்கக் கூடாது என்கிறது. நான் அந்த ராக்கை சோப்பு, டயாபர் என்று மாற்றிவிட்டேன்.

தேதி முடிவதற்கு முன்னால் செய்யவேண்டியது

எக்ஸ்பயரி வேலை என்றாலே பெட்டி, குப்பை, ரிட்டர்ன் என்று நினைக்கிறார்கள். பெரிய வேலை அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே இருக்கிறது.

சரக்கு வந்து இறங்கும்போது பார்க்க வேண்டும். டெலிவரி பையன் அவசரப்படுவான், இன்னும் பத்து கடை இருக்கும் அவனுக்கு. இருக்கட்டும், ஒவ்வொரு பேட்ச்சின் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கு) தேதியையும் பில்லோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஷார்ட் எக்ஸ்பயரி சரக்கு என்றால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள், வாங்கி வைத்துவிட்டு அப்புறம் போன் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். பத்துக்கு இரண்டு ஃப்ரீ, இருபதுக்கு ஐந்து ஃப்ரீ என்று ஸ்கீம் வரும்போது கை கொஞ்சம் அரிக்கும். மாதம் நான்கு ஸ்ட்ரிப் போகும் மருந்தில் அறுபது ஸ்ட்ரிப் வாங்கிக் குவித்தால் பதினைந்து மாதச் சரக்கு, அதில் ஃப்ரீயாக வந்ததற்கு ரிட்டர்னில் பெரும்பாலும் காசும் வராது. ஆர்டர் போடும்போதே "எக்ஸ்பயரி எடுப்பீங்களா, எத்தனை மாசம் வரைக்கும்?" என்று கேட்டு, பதிலைப் பில்லின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மலிவு விலை ஜெனரிக் சரக்கில் நிறைய பேர் ரிட்டர்ன் எடுப்பதில்லை, லாபம் அதிகம் என்பதன் மறுபக்கம் அது.

ராக்கில் அடுக்கும்போது முதலில் வந்ததை முதலில் விற்பது என்ற பழக்கம் போதாது. முதலில் முடிவதை முதலில் விற்க வேண்டும். நேற்று வந்த பேட்ச் போன மாதம் வந்ததைவிடச் சீக்கிரம் முடிவது அபூர்வம் இல்லை.

மாதத்தின் முதல் தேதி சாஃப்ட்வேரில் நியர் எக்ஸ்பயரி லிஸ்ட் எடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று. எடுத்துவிட்டு அதை முழுசாக நம்பாதீர்கள். பேட்ச் நம்பரை அவசரத்தில் தப்பாக ஏற்றியிருப்போம், ஒரு பேட்ச்சுக்குப் பில் போட்டு வேறு பேட்ச்சை எடுத்துக் கொடுத்திருப்போம். கம்ப்யூட்டர் கணக்கில் ஆகஸ்டில் தீர்ந்துபோன சரக்கு ராக்கின் பின்வரிசையில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கையால் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. ஒரே நாளில் மொத்தக் கடையையும் பார்க்க உட்கார்ந்தால் மதியத்துக்கு மேல் கண் பூத்துவிடும், ஆகவே வாரத்துக்கு மூன்று ராக் என்று பிரித்துக்கொள்ளுங்கள், கூட்டம் இல்லாத பிற்பகல் நேரம் நல்லது. மூன்று மாதத்துக்குள் முடிவதற்குச் சிவப்பு ஸ்டிக்கர். எல்லோரும் மறக்கும் இடங்கள்: ஃப்ரிட்ஜின் கதவு, பரண் மேல் இருக்கும் பெட்டி, கவுன்டருக்குக் கீழ் இழுப்பறை, ஃபர்ஸ்ட் எய்டு டப்பா. பேபி ஃபுட், புரோட்டீன் பவுடர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள், அம்மாக்கள் மாத்திரையைவிடப் பால் பவுடர் டப்பாவில்தான் தேதியை உற்றுப் பார்க்கிறார்கள்.

கட்டிங் ஸ்ட்ரிப் தனித் தலைவலி. நான்கு மாத்திரை போதும் என்பார்கள், வெட்டிக் கொடுப்போம், தேதியும் பேட்ச்சும் இருக்கிற முனை அவர்களோடு போய்விடும், மீதி ஆறு மாத்திரை ஊர் பேர் தெரியாமல் டப்பாவில் கிடக்கும். எப்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து வெட்டுங்கள். வாங்குபவர் தேதி கேட்டால் கவரின் மேல் எழுதிக் கொடுங்கள், கேட்காவிட்டாலும் எழுதுவது நல்லது. தேதி தெரியாத துண்டு ஸ்ட்ரிப் எது கிடைத்தாலும் அது எக்ஸ்பயரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். "போன மாசம்தான் வந்தது அண்ணா, எனக்கு ஞாபகம் இருக்கு" என்ற பேச்சே வேண்டாம்.

இப்போது அந்தத் தைராய்டு பாட்டில் சொல்லிக்கொடுத்த கணக்கு. ராக்கிலிருந்து எடுக்கும் நாள் எக்ஸ்பயரி நாள் அல்ல, வாங்கியவர் கடைசி மாத்திரையைப் போடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் என்றால் ஒரு மாதம் பாக்கி இருந்தாலும் பரவாயில்லை. சுகர், பிரஷர் மாத்திரை இரண்டு மாதத்துக்கு வாங்குபவருக்கு மூன்று மாதமாவது இருக்க வேண்டும். நூறு மாத்திரை பாட்டிலுக்கு நான் ஐந்து மாதம் என்று வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே போனால் ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது சரக்கு தரும் மொத்த வியாபாரியிடம், பேசி மாற்றிக்கொள்வேன், மாற்ற மறுத்தால் அவரிடம் அந்தப் பாட்டில் வாங்குவதை நிறுத்திவிடுவேன்.

முடிந்த அன்று

மருந்து விதிகள் 1945-இல் 65-ஆம் விதியின் 17-ஆம் உட்பிரிவு இதைப் பற்றியது. தேதி முடிந்த மருந்தை விற்கவும் கூடாது, கடையில் வைத்திருக்கவும் கூடாது. நிறுவனத்திடமோ அவர்கள் பிரதிநிதியிடமோ திருப்பிக் கொடுக்க, பணம் வாங்க, அழிக்க நடவடிக்கை எடுத்திருந்தால் மட்டும் அதுவரை வைத்திருக்கலாம், அதுவும் விற்பனைச் சரக்கிலிருந்து தனியாக, பெட்டிக்குள், பெட்டியின் மேல் "நாட் ஃபார் சேல்" என்று பளிச்சென்று எழுதி. ஆக "ரிட்டர்னுக்கு வெச்சிருக்கேன் சார்" என்று டிரக் இன்ஸ்பெக்டரிடம் வாயால் சொன்னால் போதாது. நடவடிக்கை எடுத்ததற்கு ஒரு காகிதம் வேண்டும், ஸ்டாக்கிஸ்டுக்கு அனுப்பிய மெயிலோ வாட்ஸ்அப் லிஸ்டோ டெபிட் நோட்டோ. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு விளக்கம் கொடுக்க அலைவதைவிட இது சுலபம், அதோடு பார்த்ததை எல்லாம் 35-ஆம் படிவ ஆய்வுப் புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனால் அது லைசென்ஸ் இருக்கும் வரை உங்கள் கூடவே வரும்.

பெட்டியைக் கவுன்டருக்குக் கீழே வைக்காதீர்கள். கூட்ட நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது என்றைக்காவது ஒருநாள் பில்லுக்குள் போகும். என் பெட்டி பின்பக்கம், மூடி போட்டது, பூட்டு போட்டது, மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. பெட்டிக்குள் போடும் அதே நிமிடம் சாஃப்ட்வேரில் அந்த பேட்ச்சை பிளாக் செய்ய வேண்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. பக்கத்திலேயே ஒரு சாதாரண நோட்டு: தேதி, மருந்து, பேட்ச், எக்ஸ்பயரி, எண்ணிக்கை, யாரிடம் வாங்கியது, பில் நம்பர், என்று அனுப்பியது, கிரெடிட் நோட் (ரிட்டர்ன் சரக்குக்குப் பணம் வரவு வைத்த சீட்டு) நம்பர். இந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே கிடக்கும் வரிகள்தான் உங்கள் பணம் எங்கே தூங்குகிறது என்று சொல்லும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு, மொத்தமாக மூட்டை கட்டிக் குப்பையில் போட்டால் என்ன என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். அவர்களுக்கு 2010 ஞாபகம் இருக்காது. அந்த மார்ச் மாதம் சென்னையே அந்தப் பேச்சாக இருந்தது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போன காலாவதி மருந்துகளைப் பொறுக்கி எடுத்து, தேதியை அழித்து, புதுத் தேதி போட்டு மறுபடியும் விற்பனைக்கு விட்டார்கள் என்று போலீஸ் பலரைக் கைது செய்தது. அதற்கு அப்புறம் கொஞ்ச நாள் வாங்க வந்த ஒவ்வொருவரும் ஸ்ட்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், தேதி கொஞ்சம் மங்கலாக அச்சாகியிருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் வெளியே போட்டது போய்விட்டது என்று நினைக்கிறீர்கள், அது சுற்றிக்கொண்டு வேறு கடைக் கவுன்டருக்கு, ஏன், உங்கள் கடைக்கே வரலாம். பழைய அட்டைப் பெட்டியோடு சேர்த்து காயலான் கடைக்குப் போடுவதும் இதேதான். காலி டப்பா, லேபிள் ஒட்டிய காலி பாட்டில்கூட கிழிக்காமல் போகக் கூடாது.

ரிட்டர்ன்

பெரும்பாலான சரக்கு போக வேண்டிய வழி, வந்த வழிதான்: கடையிலிருந்து ஸ்டாக்கிஸ்ட், அங்கிருந்து நிறுவனம், அவர்கள் எரியூட்டியில் அழிப்பார்கள். தேதிக்கு எத்தனை மாதம் முன்பிருந்து எத்தனை மாதம் பின்வரை எடுப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த இடைவெளியைத் தவறவிட்டால் முழு நஷ்டம், அதனால் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள். ஸ்டாக்கிஸ்ட் வாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கவரில் போட்டு, லிஸ்ட் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வாங்குபவர் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். சேல்ஸ்மேன் பைக்கில் வந்து "குடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு போனால் மூட்டை எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவர் அடுத்த மாதம் வேலை மாறிவிடுவார்.

ஒரு விஷயம். ரிட்டர்ன் போகும் ஸ்ட்ரிப்பில் கோடு போட்டுக் கிழித்து வைக்காதீர்கள், பேட்ச்சும் தேதியும் விலையும் படிக்க முடிந்தால்தான் கிளெய்ம் கிடைக்கும். மார்க்கரால் கோடு போட்டு வெட்டிச் சிதைப்பது, யாரும் திருப்பி எடுக்காத சரக்குக்கு மட்டும்.

ஜி.எஸ்.டி. பக்கம் சுருக்கமாக. 2018 அக்டோபர் 26 தேதியிட்ட 72-ஆம் எண் சுற்றறிக்கை காலாவதி மருந்து ரிட்டர்னுக்காகவே வந்தது. புதிய விற்பனை மாதிரி இன்வாய்ஸ் போட்டும் அனுப்பலாம், மேலே இருப்பவர் கிரெடிட் நோட் கொடுக்கும் வழியிலும் போகலாம். யாரும் எடுக்காமல் நீங்களே அழித்தால், அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிவிட்டு உங்கள் வரியில் கழித்துக்கொண்டதை, திருப்பிக் கட்ட வேண்டும். எது உங்களுக்குச் சரி என்று ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், மார்ச் கடைசி வாரத்தில் வேண்டாம், அவர் பேச மாட்டார்.

யாரும் எடுக்காதது

பயோமெடிக்கல் கழிவு விதிகள் 2016-இல் காலாவதி மருந்து மஞ்சள் வகையில் (மஞ்சள் பையில் சேர்க்கும் கழிவு) வருகிறது. நிறுவனத்துக்குத் திருப்பு, இல்லையென்றால் அங்கீகாரம் உள்ள இடத்தில் எரித்து அழி, இவ்வளவுதான் வழி. மருத்துவமனைக்குள் இருக்கும் பார்மசிக்குச் சுலபம், மருத்துவமனையின் கழிவு வண்டியிலேயே போகும். தனிக் கடை வைத்திருப்பவர் ஓரளவு எடை சேர்ந்த பிறகு, அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும், பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் வருவார்கள். கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவது வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் எரிந்த புகை மாத்திரையைவிட மோசம். சிரப்பைச் சாக்கடையில் கொட்டுவதும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் விட்டு கிருமிகளுக்குப் பயிற்சி கொடுத்தது போல் ஆகும்.

கேன்சர் மருந்து வகையைத் தனியாக வையுங்கள். கேன்சர் மருந்தே நான் வைப்பதில்லை என்பீர்கள், மூட்டுவாதத்துக்கு வாராவாரம் போடும் மெத்தோட்ரெக்ஸேட் இருக்கிறதே, அது இந்த வகைதான். கையுறை போட்டு எடுங்கள், உடைந்த மாத்திரை இருந்தால் இரண்டு கவர் போட்டு மூடுங்கள், ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்துக் கொட்டாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் பணியாளரை அதைத் தொட விடாதீர்கள். இவை 1200 டிகிரிக்கு மேல் எரிய வேண்டியவை, சாதாரண மூட்டையோடு சேர்க்கக் கூடாது. இன்ஹேலரை ஓட்டை போடவோ நெருப்பில் போடவோ கூடாது, வெடிக்கும். ஷெட்யூல் எக்ஸ் மருந்து (போதைக்குப் பயன்படலாம் என்று கடும் கட்டுப்பாட்டில் உள்ளது) என்றால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுத்து அவர் சொல்கிறபடி செய்யுங்கள், அதுவரை பூட்டிலேயே இருக்கட்டும்.

வெள்ளத்தில் நனைந்த சரக்கும் இதே பெட்டிக்குத்தான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கீழ் ராக் மூழ்கிய கடைகள் எத்தனையோ. ஸ்ட்ரிப்புக்குள் தண்ணீர் போகவில்லை, துடைத்துவிட்டால் புதிது மாதிரி இருக்கிறது என்று தோன்றும். அது சாக்கடை கலந்த தண்ணீர். போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டு ஒதுக்குங்கள். அதை நிவாரண முகாமுக்குக் கொடுக்கிறேன் என்று கிளம்புவதும், நியர் எக்ஸ்பயரியை இலவச முகாமில் தள்ளுவதும் தானம் இல்லை. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது தேதி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது.

தேதி இருந்தும் விற்கக் கூடாததாக மாறும் சரக்கும் உண்டு. 2025 அக்டோபரில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப்பின் ஒரு பேட்ச்சைத் தமிழ்நாடு முழுக்கத் தேட வேண்டி வந்ததே, அன்றைக்கு பேட்ச் நம்பர் ஒழுங்காக ஏற்றியிருந்தவர்களால்தான் ஐந்து நிமிடத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடிந்தது. திரும்பப் பெறச் சொன்ன பேட்ச்சுக்கு எக்ஸ்பயரி பெட்டி வேண்டாம், தனிக் கவர், தனி லேபிள்.

கடைசியாக, வீட்டில் மீந்ததைக் கொண்டுவருபவர்கள். திறக்காத ஸ்ட்ரிப்தானே, தேதியும் இருக்கே, எடுத்துக்கோங்க என்பார்கள். எடுத்து மறுபடி ராக்கில் வைக்கவே கூடாது, அது எந்த வெயிலில், எந்த டி.வி. மேல் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தேதி முடிந்ததை என்ன செய்வது என்று கேட்டால், வீட்டுக் குப்பையில் காலாவதி மருந்து தனியாகப் பிரிக்க வேண்டிய வகை என்று திடக்கழிவு விதி சொல்கிறது, தனியாகக் கட்டி, என்னவென்று சொல்லி, தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். டிரமடால், மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி பதினேழு மருந்துகளை மட்டும், வீட்டில் குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் டாய்லெட்டில் ஊற்றிவிடலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மற்றதற்கு அது பொருந்தாது. கேரளாவில் வீடுகளிலிருந்து மீந்த மருந்தைத் திரும்ப வாங்கும் திட்டத்தை அரசே நடத்துகிறது, இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் என் கடை வாசலில் பெட்டி வைக்க நான் ரெடி.

அந்த அம்மாவுக்கு இரண்டு வருடத் தேதி உள்ள புது பாட்டில் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பழையதைப் பெட்டியில் போட்டு நோட்டில் ஏற்றும்போது, யாரிடம் வாங்கியது என்ற கட்டத்தில் நம்ம கடை என்று எழுதினேன். கிரெடிட் நோட் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.